உடுப்பும் உண்மையும்

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்போக் என்றொரு துறைமுக நகரம் உண்டு. 1951-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூன்று முதியவர்கள் அந்நகருக்கு வந்து சேர்ந்தார்கள். மூவரும் நூறு வயதைத் தாண்டியவர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களைக் காண மக்கள் திரண்டனர். அந்நிகழ்ச்சிக்கென்றே அஞ்சல் இலாகா மூன்று சென்ட் விலையில் ஒரு தலையை வெளியிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்ட வீரர்கள் கூடும் கடைசிக் கூட்டம் அது. போர் முடிந்து அப்போது எண்பத்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

அம்மூவரில் ஒருவர் ஜான் சாலிங் என்பவர். ஊரார் அவரை 'ஜெனரல் சாலிங்' என்றே அழைத்தனர். படைத் தளபதிக்குரிய சாம்பல் நிற உடுப்பில் அவர் வீற்றிருக்கும் படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. இராணுவ உடைகளின் இலக்கணம் அறிந்தவர் எவரும் அப்படத்தைக் கண்டால் புருவத்தை உயர்த்துவர். சாலிங் ஜெனரல் அல்லர். தாம் ஜெனரலாக இருந்ததாக அவரே சொல்லிக்கொண்டதும் இல்லை. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைத் தோண்டியெடுக்கும் வேலையில் அமர்த்தப்பட்ட சாதாரணச் சிப்பாய் என்றுதான் தம்மைக் குறித்துச் சொல்லி வந்தார். ஆகவே, அவர் அணிந்திருந்த உடுப்பு அவருக்கு உரியதன்று. இது முதற் குறை. அவர் இறந்து பல ஆண்டுகள் சென்றபின் இரண்டாவது குறை ஒன்று வெளிப்பட்டது. போர் நடந்த காலத்தில் அவர் சிப்பாயாகவும் இருந்திருக்க முடியாது; அப்போது அவர் சிறு குழந்தை.

நேயர்களே, இவ்விரண்டு குறைகளும் ஒன்றையொன்று தழுவி நிற்பதுபோல் தோன்றும். 'உடுப்புப் பொய், ஆதலால் ஆளும் பொய்' என்று முடிவு கட்டிவிட மனம் விரையும். ஆனால், உடுப்பின் குறையிலிருந்து ஆளின் குறைக்குச் செல்லும் வழி அத்துணை நேரானதன்று. பிழையான உடுப்பிற்குள் உண்மையான வீரர்கள் பலர் இருந்திருக்கின்றனர். பிழையற்ற உடுப்பிற்குள் பொய்யரும் இருந்திருக்கின்றனர். வரலாறு பயிலும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. அதற்கு அந்த அமெரிக்கப் போரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

அடிமை முறையைக் காக்கும் பொருட்டு ஐக்கிய நாட்டினின்றும் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும், பிரிவை ஏற்காத வட மாநிலங்களுக்கும் 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 1865-ஆம் ஆண்டு வரை நிகழ்ந்தது அப்போர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். வடவர் நீல உடுப்பும் தென் மாநிலத்தார் சாம்பல் நிற உடுப்பும் அணிந்தனர் என்று பாடப் புத்தகங்கள் கூறும். நீலத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. சாம்பல் நிறம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. போர்க்களத்தில் எப்போதும் இருந்ததில்லை. தென் மாநிலங்களில் ஆலைகள் குறைவு. துறைமுகங்களை வடவர் அடைத்துவிட்டனர். வீட்டில் நெய்த முரட்டுத் துணியை மரக்காய்களின் தோலிலிருந்தும் பட்டையிலிருந்தும் எடுத்த சாயத்தில் தோய்த்துத் தைத்த பழுப்பு நிறச் சட்டையோடுதான் பல சிப்பாய்கள் போரிட்டனர். சிலர் தாம் ஊரிலிருந்து உடுத்திவந்த உடையோடேயே இருந்தனர். பின்னாளில் கிழவர்களாகி, தூய சாம்பல் நிறத்தில் அழகாகத் தைத்த மேற்சட்டை அணிந்து அவர்கள் ஊர்வலம் வந்தபோது, இளமையில் தாம் ஒருநாளும் அணிந்திராத உடுப்பையே அவர்களில் பலர் அணிந்திருந்தனர். குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அங்கேயே தொடங்கலாம்.

அந்த மேற்சட்டை எங்கிருந்து வந்தது? சங்கங்களிலிருந்து வந்தது. போர் முடிந்த மறு ஆண்டாகிய 1866-இல் வட மாநில வீரர்கள் 'கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்' என்ற சங்கத்தைத் தோற்றுவித்தனர். குடியரசின் பெரும்படை என்பது அப்பெயரின் பொருள். 1890-ஆம் ஆண்டளவில் அதன் உறுப்பினர் தொகை நான்கு லட்சத்தை எட்டியது. தென் மாநிலத்தார் சற்றுக் காலம் தாழ்த்தி, 1889-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். இச்சங்கங்கள் தத்தமக்கென உடையும் சின்னமும் வகுத்துக்கொண்டன. அவை அரசாங்கம் அளித்த இராணுவ உடுப்புகள் அல்ல, சங்க உடைகளே. தென் மாநிலச் சங்கம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தன் அமைப்பையே ஒரு படையின் அமைப்பைப் போல வகுத்தது. தலைவருக்கு ஜெனரல் என்று பெயர்; அவருக்குக் கீழ் படைப்பிரிவுகள்; அவற்றிற்கும் தளபதிகள். போரில் சாதாரணச் சிப்பாயாக இருந்தவர் சங்கத்தில் உயர்ந்து ஜெனரலாகலாம். தளபதிக்குரிய நட்சத்திரங்களைக் கழுத்துப்பட்டியில் தைத்துக்கொள்ளலாம். அதில் ஏமாற்று ஏதும் இல்லை. சங்கத்தார் யாவரும் அதை அறிவர். அறியாதவர்கள் வீதியோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களும், அவர்களுடைய பேரப்பிள்ளைகளும்தாம். ஒருவர் நூறு வயது வாழ்ந்தால், அவரைச் சூழ்ந்திருப்போர் அனைவரும் அறியாதவர்களே ஆகிவிடுகின்றனர்.

வடவருடைய சங்கச் சின்னத்தால் விளைந்த குழப்பம் இன்னும் சுவையானது. அமெரிக்க நாட்டின் மிக உயர்ந்த வீர விருதுக்கு 'மெடல் ஆஃப் ஹானர்' என்று பெயர். 1862-இல் தரைப்படைக்கென வகுக்கப்பட்ட அவ்விருது, நாட்டுக்கொடியின் வண்ணம் கொண்ட நாடாவில் கழுகொன்று தாங்கித் தொங்கும் ஐந்து முனை நட்சத்திரம். பெரும்படைச் சங்கத்தின் உறுப்பினர் சின்னம் எது? அதுவும் கழுகு தாங்கிய ஐந்து முனை நட்சத்திரமே! போரில் பிடிபட்ட பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கி வார்த்த சின்னம் அது. இருபது அடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. சந்தா செலுத்திய உறுப்பினரெல்லாம் நாட்டின் தலைசிறந்த வீரராகக் காட்சியளித்தனர். உண்மையில் அவ்விருதைப் பெற்றவர்களுக்கு இது எப்படியிருந்திருக்கும்? அவர்கள் முறையிட்டார்கள். 1896-இல் விருதின் நாடாவை அரசாங்கம் மாற்றியது. அதுவும் போதாதென்று 1904-இல் விருதின் வடிவத்தையே மாற்றி, எவரும் அதைப் போலச் செய்யாதபடி காப்புரிமையும் பெற்றது. சங்கத்தாரை ஒன்றும் செய்ய முடியவில்லை, விருதுதான் ஒதுங்கிக்கொண்டது.

உடுப்பும் சின்னமும் ஏமாற்றலாம். அரசாங்கமே கையொப்பமிட்டுக் கொடுத்த விருது ஏமாற்றாதன்றோ என்று நீங்கள் கேட்கலாம். அதையும் பார்ப்போம். 1863-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தென் படைகள் பென்சில்வேனியாவுக்குள் புகுந்தன. தலைநகரமாகிய வாஷிங்டனைக் காக்கப் போதிய வீரர் இல்லை. மெய்ன் மாநிலத்தின் 27-ஆம் படைப்பிரிவுக்கு அப்போதுதான் சேவைக் காலம் முடிந்து, வீடு திரும்பும் நேரம். மேலும் சில நாள் தங்கித் தலைநகரைக் காப்பவர்களுக்கு மெடல் ஆஃப் ஹானர் விருது உண்டு என்று போர் மந்திரி ஸ்டாண்டன் அறிவித்தார். சுமார் முந்நூறு பேர் தங்கினர். மற்றவர்கள் ஊருக்குப் புறப்பட்டுவிட்டனர். விருது தயாரானபோது தங்கியவர் யார், போனவர் யார் என்ற பட்டியல் கைவசம் இல்லை. விளைவு, படைப்பிரிவின் 864 பேருக்கும் விருது அச்சாகி வந்து சேர்ந்தது! எஞ்சிய விருதுகளை வழங்க மனமில்லாத படைத்தலைவர் வெண்ட்வொர்த் அவற்றைத் தம் தொழுவத்தில் போட்டு வைத்திருந்தார் என்பர். தங்கியவர்களும் அந்நாட்களில் எதிரியின் மேல் ஒரு குண்டும் சுடவில்லை.

இக்கணக்கைத் தீர்க்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1916-இல் ஓய்வுபெற்ற ஜெனரல்கள் ஐவரைக் கொண்ட குழு ஒன்று நெல்சன் மைல்ஸ் என்பவரின் தலைமையில் அமர்ந்து, அதுவரை வழங்கப்பட்ட விருதுகள் அனைத்தையும் ஆராய்ந்தது. 1917-இல் 911 பெயர்கள் பட்டியலினின்றும் நீக்கப்பட்டன. மெய்ன் மாநிலத்தின் 864 பேரும் அவர்களுள் அடங்குவர். நேற்றுவரை முறைப்படி அணிந்த பதக்கம், இன்று முறையற்றதாயிற்று.

நீக்கப்பட்டவர்களுள் ஒரு பெண்மணியும் இருந்தார். டாக்டர் மேரி வாக்கர் என்பது அவர் பெயர். போர்க்களத்தில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தவர். 1864-இல் எதிரிகளிடம் சிக்கி, நான்கு திங்கள் ரிச்மண்ட் நகரச் சிறையில் வாடியவர். ஆயினும் அவர் முறையாகப் படையில் நியமனம் பெற்ற அதிகாரி அல்லர் என்பது குழுவின் வாதம். விதியின்படி அது சரியாகவே இருக்கலாம். அம்மையார் அதை ஏற்கவில்லை. 1919-இல் கண்மூடும்வரை பதக்கத்தை அணிந்துகொண்டேயிருந்தார். அந்த இரண்டாண்டுகளில் அவரை வீதியில் கண்ட ஒருவர், 'உமக்கு உரிமையில்லாத பதக்கம் இது' என்று சொல்லியிருந்தால் சட்டம் அவர் பக்கமே நின்றிருக்கும். 1977-இல் அரசாங்கம் தன் முடிவை மாற்றி, விருதை மேரி வாக்கருக்கு மீண்டும் உரியதாக்கியது. இடைப்பட்ட அறுபதாண்டுகளில் அவர் செய்த தொண்டில் ஏதேனும் மாற்றம் நிகழ்ந்ததா? காகிதம் மாறியது, அவ்வளவே.

இனிப் பொய்யருடைய கதைக்கு வருவோம். பொய் சொல்லத் தூண்டியது பெரும்பாலும் புகழாசை அன்று, பசி. வட மாநில வீரர்களுக்கு மத்திய அரசாங்கம் பென்ஷன் அளித்தது. 1890-களில் அரசாங்கச் செலவில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு இதற்கே சென்றதென்றால், அத்திட்டத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். பணம் பெரிதாக இருந்தமையால் சோதனையும் கடுமையாக இருந்தது. படைப்பிரிவு ஏடுகள் துருவப்பட்டன, மருத்துவர்கள் சோதித்தனர், ஐயத்துக்குரியவரின் ஊருக்கே ஆய்வாளர் சென்று அக்கம்பக்கத்தாரை விசாரித்தார். தோற்ற தென் மாநிலத்தாருக்கு மத்திய அரசாங்கம் ஒன்றும் தரவில்லை. அந்தந்த மாநிலமே தன் வீரர்களுக்குச் சிறு தொகை அளித்தது. 1865-இல் தலைநகர் ரிச்மண்ட் தீப்பற்றி எரிந்தபோது ஆவணங்களில் ஒரு பகுதி அழிந்தது. எஞ்சியவற்றை வாஷிங்டனில் தொகுக்கத் தொடங்கியதே 1903-இல்தான். ஆகவே, ஏட்டில் பெயர் இல்லாவிடினும், உடன் பணிபுரிந்தவர் சிலர் பிரமாண வாக்குமூலம் அளித்தால் போதும் என்று விட்டுவிட்டனர். உடன் பணிபுரிந்தவரெல்லாம் இறந்தொழிந்த பிறகு, அறிந்தவர் தெரிந்தவர் சாட்சியே போதுமானதாயிற்று.

இந்நிலையில் 1929-இல் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. பருத்தி விலை வீழ்ந்தது, வங்கிகள் மூடின. எழுபது, எண்பது வயதில் நிலமும் சேமிப்பும் இழந்து நின்ற ஏழைக் குடியானவருக்குப் பத்து வயதை மட்டும் கூட்டிச் சொன்னால் மாதந்தோறும் சிறு தொகை வரும் வழி கண்முன் திறந்திருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் வால்டர் வில்லியம்ஸ் என்பவர் 1932-இல் அவ்வழியே நடந்தார். தாம் ஹூட் என்னும் தளபதியின் படையில் உணவுப்பொருள் திரட்டும் வேலை பார்த்ததாகவும், பதினொரு மாதம் சேவை செய்ததாகவும் அவர் விண்ணப்பித்தார். பென்ஷன் கிடைத்தது. கதை அத்துடன் முடிந்திருந்தால் எவரும் அவரை நினைத்திருக்க மாட்டார்கள்.

அவர் செய்த பிழை, நீண்டகாலம் வாழ்ந்ததுதான். மெய்யான வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைய மறைய, வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் வரிசையின் முன்னே தள்ளப்பட்டனர். இதில் வியப்பில்லை. 1861-இல் உண்மையாகவே பதினெட்டு வயதினனாக இருந்தவன் 1950-இல் உயிரோடிருப்பது அரிது. அப்போது குழந்தையாக இருந்தவன் உயிரோடிருப்பது அதனினும் எளிது. ஆக, 'கடைசி வீரர்' என்ற இடத்துக்குப் போட்டியிட்டவர்களுள் மெய்யரைவிடப் பொய்யருக்கே இயற்கை சாதகமாக இருந்தது! 1956-இல் எஞ்சியிருந்தவர்கள் நால்வர் என்று நம்பி, நால்வருக்கும் தங்கப் பதக்கம் வழங்க அமெரிக்க காங்கிரஸ் சட்டம் செய்தது. 1958-இல் தென் மாநில வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மத்திய அரசாங்கமே பென்ஷன் அளிக்க மற்றொரு சட்டம் வந்தது. அப்போது தென் மாநில வீரர்களாக இருந்தவர்கள் இருவரே: சாலிங்கும் வில்லியம்ஸும். 1959 மார்ச்சு மாதத்தில் சாலிங் மறைந்தார். எஞ்சியவர் வில்லியம்ஸ் ஒருவரே. தமக்கு 116 வயது என்று சொல்லிக்கொண்டு, பார்வையும் செவியும் குன்றி, மகளின் வீட்டில் அவர் படுத்திருந்தார்.

1959 செப்டம்பரில் லோயல் பிரிட்வெல் என்ற பத்திரிகையாளர் ஓர் எளிய காரியம் செய்தார். படைப்பிரிவு ஏடுகளைப் பார்த்தார். வில்லியம்ஸின் பெயர் அங்கு இல்லை. அது ஒன்றும் பெரிதன்று. ஏடுகள் குறையுடையன என்பது யாவரும் அறிந்ததே. 1860-ஆம் ஆண்டு மக்கட் கணக்கையும் பார்த்தார். மிசிசிப்பி மாநிலத்தின் இட்டவாம்பா என்னும் வட்டாரத்தில், தாய் தந்தையரோடு வசித்த வால்டர் வில்லியம்ஸ் என்ற பிள்ளையின் பெயர் அதில் இருந்தது. வயது ஐந்து. போர் முடிந்தபோது அவனுக்குப் பத்து வயது ஆகியிருக்கும். உணவுப்பொருள் திரட்டும் வேலைக்குப் பத்து வயதுச் சிறுவனை எந்தப் படையும் அமர்த்தியிராது.

செய்தி வெளிவந்தது. நாடு அதை ஏற்கவில்லை. நோயுற்ற கிழவரைத் துன்புறுத்துவதா என்று பலர் சினந்தனர். அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1961-இல் போரின் நூற்றாண்டு விழா வரவிருந்தது. அதற்கென 1957-இலேயே ஒரு குழுவும் அமைக்கப்பட்டிருந்தது. கடைசி வீரர் ஒருவர் உயிரோடிருக்க வேண்டும் என்று அவ்விழாவை எதிர்நோக்கிய பலர் விரும்பினர். 1959 டிசம்பர் 19-ஆம் நாள் வில்லியம்ஸ் காலமானார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட ஆணையிட்டார். ஹூஸ்டன் நகரில் இராணுவ மரியாதையுடன் ஊர்வலம் சென்றது. நேர்த்தியான உடுப்பு அணிந்த உண்மைச் சிப்பாய்கள், சிப்பாயாக ஒருநாளும் இருந்திராத ஒருவரின் பேழையோடு நடந்தனர்.

வில்லியம்ஸை நான் கடிந்து பேச விரும்பவில்லை. பஞ்ச காலத்தில் ஒரு கிழவர் சொன்ன பொய் அது. ஆனால், அப்பொய்க்கு விலை கொடுத்தவர் வேறொருவர் இருந்தார். அவரை எவரும் நினைக்கவில்லை. வில்லியம் மார்வெல் என்ற வரலாற்றாசிரியர் 1991-இல் இக்கணக்கு முழுவதையும் மறுபடி ஆராய்ந்தார். கடைசித் தென் மாநில வீரர்கள் என்று போற்றப்பட்ட சுமார் பன்னிருவரும் பொய்யரே என்பது அவர் கண்ட முடிவு. அப்படியானால் மெய்யான கடைசி வீரர் யார்? அலபாமா மாநிலத்தின் டல்லடீகா வட்டாரத்தில் வாழ்ந்த பிளெசன்ட் கிரம்ப் என்ற குடியானவர். 1864-ஆம் ஆண்டு இறுதியில், பதினேழு வயது நிரம்பும் முன்னரே, அலபாமாவின் 10-ஆம் காலாட்படையில் சேர்ந்தவர். பீட்டர்ஸ்பர்க் முற்றுகையின்போது பதுங்கு குழிகளில் கிடந்தவர். 1865 ஏப்ரலில் அப்பொமாட்டக்ஸ் என்னுமிடத்தில் தளபதி லீ சரணடைந்தபோது அங்கு நின்றவர். அவர் 1951 டிசம்பர் 31-ஆம் நாள் தம் 104-ஆம் வயதில் இறந்தார். அவருக்காகக் கொடிகள் அரைக்கம்பத்தில் இறங்கவில்லை. இறங்குவது எப்படி? 'கடைசி வீரர்கள்' பலர் அப்போது உயிரோடிருந்தார்களே!

வட மாநிலத்தாரின் கடைசி வீரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கேதான் நம்முடைய தீர்ப்புத் தடுமாறுகிறது. மின்னசோட்டா மாநிலத்து ஆல்பர்ட் உல்சன் 1956 ஆகஸ்ட் 2-ஆம் நாள் மறைந்தார். அவருடன் பெரும்படைச் சங்கமும் முடிந்தது. 1864 அக்டோபரில் மின்னசோட்டாவின் முதற் பீரங்கிப் படையில் முரசறைபவராக அவர் சேர்ந்ததற்கு ஐயத்துக்கிடமற்ற ஆவணம் உண்டு. அவர் இறந்தபோது வயது 109 என்றனர். பிற்கால ஆய்வு அவர் 1850-இல் பிறந்தவர் என்று காட்டியது. ஆகவே வயது 106. பதினான்கு வயதில் படையில் சேர வேண்டியிருந்த சிறுவர் பலர், வயதைக் கூட்டிச் சொல்லியே சேர்ந்தனர். இளமையில் ஒருமுறை கூட்டிய வயது, முதுமையிலும் ஒட்டிக்கொண்டு வருவது இயல்பு. வில்லியம்ஸும் வயதைக் கூட்டினார்; உல்சனும் கூட்டினார். வயதைக் கொண்டு மட்டும் வழக்கைத் தீர்த்திருந்தால் இருவரையும் பொய்யர் என்றிருப்போம். உல்சன் உண்மையான வீரர். ஆயினும் அவர் போரில் எதிரியைக் கண்டதில்லை; அதை அவர் மறைத்ததும் இல்லை.

அமெரிக்காவில் பதக்கங்களை உரிமையின்றி அணிவதைத் தடுக்கும் சட்டம் 1923-இல் வந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அணிவதை மட்டுமின்றி, பெற்றதாக வாயால் சொல்வதையும் குற்றமாக்கியது. கலிபோர்னியாவில் ஒரு நீர்வாரிய உறுப்பினர், படையிலேயே சேர்ந்திராதவர், தாம் மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர் என்று 2007-இல் சபையில் அறிமுகம் செய்துகொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வெறும் பொய்யைத் தண்டிப்பது பேச்சுரிமைக்கு மாறானது என்று 2012-இல் தீர்ப்பாயிற்று. அதற்கிணங்க 2013-இல் சட்டம் திருத்தப்பட்டது; பணமோ சொத்தோ கண்கூடான வேறு பயனோ பெறும் நோக்கோடு சொன்னால் மட்டுமே குற்றம்.

சந்தேகம் தவறான இடத்தில், அல்லது அளவுக்கு மீறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஜெரமி பூர்டா என்பவர் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, அமெரிக்கக் கடற்படையின் தலைவர் பதவிவரை உயர்ந்தவர். வியட்நாம் போரில் பெற்ற இரண்டு பதக்க நாடாக்களின்மேல், போர்முனைச் சேவையைக் குறிக்கும் 'வி' என்ற வெண்கல எழுத்தை அவர் அணிந்துவந்தார். அதற்கு அவருக்கு உரிமையுண்டா என்ற கேள்வி எழுந்ததும், ஓராண்டுக்கு முன்னரே அவற்றைக் கழற்றிவிட்டார். இருப்பினும் 1996 மே 16-ஆம் நாள் பத்திரிகையாளர் அது குறித்துக் கேட்க வருகிறார்கள் என்று அறிந்து, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வியட்நாமில் பணிபுரிந்த உண்மையான வீரர் அவர். 1998-இல், அவர் காலத்துத் தளபதி ஒருவர் 'அணிந்தது முறையே' என்று எழுதிய கடிதம் அவருடைய ஏட்டில் சேர்க்கப்பட்டது. 1999-இல் கடற்படையின் ஆவணத் திருத்தக் குழு 'முறையன்று' என்றது. விரல் நுனியளவு வெண்கலத்தைப் பற்றி, அறிந்தவர்களே இருவேறு முடிவுக்கு வந்தனர்.

பழைய படங்களில் வீரர்களின் உடுப்பைக் கூர்ந்து நோக்கிக் குறை காண்பது ஒரு பொழுதுபோக்கு. எனக்கும் அப்பழக்கம் உண்டு. பொத்தான் தவறு, நட்சத்திரம் மிகை, பதக்கம் வலப்பக்கம் இருக்கிறது என்று அடுக்கலாம். ஆனால், வில்லியம்ஸை வெளிப்படுத்தியது பொத்தானும் நட்சத்திரமும் அல்ல. 1860-இல், போர் வருமென்றோ, பென்ஷன் வருமென்றோ, நூறாண்டு கழித்து ஒருவர் தன் ஏட்டைப் புரட்டுவார் என்றோ கனவிலும் கருதாத ஒரு கணக்கெடுப்பாளர், மிசிசிப்பி கிராமம் ஒன்றில் வீட்டு வாசலில் நின்று, பிள்ளையின் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். எவருக்கும் சாதகமாக எழுத அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் இன்று ஆல்பர்ட் உல்சனின் சிலை ஒன்று இருக்கிறது. அவர் இறந்த அதே 1956-ஆம் ஆண்டில், பெரும்படைச் சங்கத்தின் நினைவாக அதை அங்கு அமைத்தனர். கைத்தடியோடு முதியவர் அமர்ந்திருக்கும் சிலை. கெட்டிஸ்பர்க் போர் நடந்தது 1863 ஜூலையில். உல்சன் படையில் சேர்ந்தது அதற்கு ஓராண்டுக்கும் பிறகு. அக்களத்தில் அவர் போரிட்டதில்லை. சுற்றுலா வருவோர், அங்கே போரிட்டவர் போலும் என்றெண்ணிச் சிலையின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.